விழுந்த கை, முறிந்த பழக்கம்: மறுபடி முதலிலிருந்து கற்றவர்களைப் பார்த்த அனுபவங்கள் (ஒரு குழுவில் உறுப்பினர்கள் எழுதியவை)

சேலம், இயன்முறை மருத்துவர்:

பக்கவாதம் வந்தவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது என் வேலை. மன உறுதின்னு எல்லாரும் சொல்றது நேர்ல எப்படி இருக்கும்னு எனக்குக் காட்டினவங்க சிவதாபுரம் பக்கத்து அம்மா ஒருத்தங்க. வெள்ளிக் கொலுசு பற்றவைக்கிற வேலை. வலது கையும் காலும் விழுந்து வந்தாங்க. பேச்சு மட்டும் தெளிவு.

"தம்பி, கை வருமா வராதான்னு சொல்ல வேண்டாம். இன்னைக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்கள் முதல் நாளே.

நான் கொடுத்தது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஒரு தட்டில் இருக்கிற புளியங்கொட்டையை விரலால் எடுத்து அடுத்த தட்டில் போடணும். எத்தனையோ ஜோடிக்குக் கண்ணி சேர்த்த கை அது, ஒரு கொட்டையைப் பிடிக்க முடியாம நடுங்குது. இந்த இடத்தில்தான் பலர் உடைஞ்சு போவாங்க. பலவீனத்தைவிட அவமானம் பெரிசு. அந்த அம்மா அதை அவமானமா எடுத்துக்கலை. பத்து வயசுல பட்டறையில உட்கார்ந்தப்பவும் இப்படித்தான் கீழே போட்டேன்னு சொல்லிட்டு மறுபடி எடுப்பாங்க. புளியங்கொட்டையிலிருந்து கொண்டைக்கடலை, அப்புறம் ஜவ்வரிசி, கடைசியா வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமணம், அதாவது கண்ணியைப் பிடிக்கிற சின்ன இடுக்கி. பழைய வேகம் வரலை. ஆனா சாமணத்தில் கண்ணியைப் பிடிச்சுட்டாங்க.

மருத்துவமா ஒண்ணு சொல்லணும். செத்துப்போன மூளைச் செல்லை எந்த நம்பிக்கையும் எழுப்பாது. பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கத்துக்கிடும், அதுவும் திரும்பத் திரும்பச் செய்தால்தான். வேகமான முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூணு மாசத்தில் நடக்கும். மனசு உதவுறது இங்கேதான்: சலிக்காம மறுபடி கையை நீட்ட வைக்குது. இன்னொண்ணும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருது. அவங்களைப் பார்த்து "மனசைத் தைரியமா வெச்சுக்கங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது கொடுமை. அதுக்கும் சிகிச்சை இருக்கு, கொடுக்கணும்.

தாரமங்கலம், விசைத்தறி மெக்கானிக்:

நீங்க சொன்ன அந்த அவமானத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்க பக்கத்துச் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனை எல்லாரும் காலடியில விழுற யார்க்கர் பந்துக்காகப் பேசுவாங்க. எனக்கு 2015தான் பெரிசாத் தெரியுது. தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆட வந்த கையோட, பந்து வீசுற முறை சரியில்லைன்னு புகார். டென்னிஸ் பந்துல சின்ன வயசுலேர்ந்து உடம்பில் ஊறின வீச்சு அது. அதைக் கழற்றிப் போட்டுப் புதுசா வீசப் பழகணும். ஒண்ணும் தெரியாதவன் கத்துக்கிறது சுலபம்ங்க. தெரிஞ்சதை மறந்துட்டுக் கத்துக்கிறதுதான் கஷ்டம். 2020 கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளரா போன மனுசன், அதே பயணத்துல மூணு வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிட்டார். 2021 ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட்ல முதல் இன்னிங்ஸ்லயே மூணு விக்கெட்.

நான் சாதாத் தறியில கை பழகினவன். நாடா இல்லாம ஓடுற ரேப்பியர் தறி வந்தப்போ என் பையன் வயசுப் பசங்ககிட்ட நின்னு கேட்டுக் கத்துக்கிட்டேன். "அண்ணா, இந்த போர்டைத் தொடாதீங்க"ன்னு சொல்லுவானுங்க. வலிச்சது. ஆனாலும் மறுநாள் போய் நின்னேன்.

ஏற்காடு, காப்பித் தோட்டக் குடும்பம்:

ரெண்டு பேர் சொன்னதும் நெஞ்சைத் தொட்டுச்சு. ஒண்ணு மட்டும் சேர்க்கணும். பெரியவடகம்பட்டி உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பனுக்கு அஞ்சு வயசுல வலது கால் மேல பஸ் ஏறி முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போச்சு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். உயரம் குறைஞ்சுக்கிட்டே வருது, பதக்கத்தின் நிறமும் மாறுது, மனுசன் மறுபடி ஓடிவந்து தாண்டுறார். எனக்கு அந்த வெண்கலம்தான் பெரிசு. ஆனா அந்தப் பையனுக்காகச் செங்கல் சுமந்து, காய்கறி வித்த அம்மாவை விட்டுட்டு அவர் மன உறுதியை மட்டும் பேசக் கூடாது.

என் மக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துல காலேஜ் படிச்சா. முதல் வருசம் எல்லாம் இங்கிலீஷ்ல, ஒண்ணும் புரியலை, நின்னுடறேன்னு அழுதா. ஒரு டீச்சர் மத்தியான சாப்பாட்டு நேரத்துல உட்கார வெச்சுத் தமிழ்ல சொல்லிக் கொடுத்தாங்க. புரிய ஆரம்பிச்சதும்தான் அவளுக்குத் தைரியமே வந்துச்சு. தைரியம் வந்தப்புறம் படிப்புன்னு இல்லை, எங்க வீட்டுல அது தலைகீழா நடந்துச்சு.

ஆத்தூர், ஒரு உறுப்பினர்:

டாக்டர் சார், எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசம் தாண்டிருச்சு. இனி வராதுன்னு அவரே முடிவு பண்ணிட்டார். பயிற்சிக்கும் வர மாட்டேங்கிறார். கூட்டிட்டு வந்தா பிரயோஜனம் உண்டுங்களா?

சேலம், இயன்முறை மருத்துவர்:

உண்டுங்க, கூட்டிட்டு வாங்க. ஆறு மாசத்துக்கு அப்புறம் முன்னேற்றம் மெதுவாகும், அவ்வளவுதான். வர மாட்டேங்கிறது பிடிவாதமா மனச்சோர்வான்னு முதல்ல பார்க்கணும். தூக்கம், சாப்பாடு எப்படி இருக்கு, பேசறது குறைஞ்சிருக்கான்னு கவனிச்சுச் சொல்லுங்க. வர்றப்போ மாத்திரைச் சீட்டும் ஸ்கேனும் எடுத்துட்டு வாங்க. அப்பா என்ன வேலை பார்த்தவர்? அவர் கைக்குப் பழக்கமான பொருளை வெச்சே பயிற்சியை ஆரம்பிக்கலாம்.