ஏற்காட்டு வீட்டுக்கு ராஜபாளையம் குட்டி: எங்கே வாங்கலாம்?

வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்கு ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று தேவை. சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் நம்பி வாங்கக்கூடிய வளர்ப்பாளர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தாய் நாயை அது இருக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து தருகிறேன் என்பவர்கள் வேண்டாம். 8 வாரம் முடியாத குட்டியும் வேண்டாம். 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி அதை விற்கவே கூடாது.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. எனவே குட்டியைத் தனியே பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிச் சோதிக்க விட வேண்டும். கூட்டத்தோடு வைத்துச் சோதித்தால், மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடலாம்.

"ஊசி போட்டாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்துடன் அட்டை வேண்டும். போன ஈத்தில் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுப்போக்கு) வந்ததா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைச் செயல்படாமல் தடுக்கலாம். அதனால்தான் 16 வாரம் வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள்.

இன்னொன்று: தோட்டத்தில் உண்ணி அதிகம். குட்டிக்கு உண்ணி மருந்தை எடை பார்த்துத் தரும் கால்நடை மருத்துவர் மலையிலேயே இருக்கிறாரா, சேலம் அஸ்தம்பட்டிக்கு இறங்க வேண்டுமா?

வளர்ப்பாளரின் போன் நம்பரை இன்பாக்ஸில் மட்டும் அனுப்புங்கள்.