ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ணும் பிள்ளைகள்: சனிக்கிழமை அறிவியல் மன்றத்தில் என்ன செய்யலாம்?

சனிக்கிழமை_மன்றம் (கோவை)

வணக்கம். 7 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் 14 பிள்ளைகள். சனிக்கிழமை 10 மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம். நூலகத்தில் ஓர் அறை, வெளியே சிமெண்ட் முற்றம். ஆய்வகம் கிடையாது. கையில் இருப்பவை நூல், நட்டு, ஸ்கேல், பாகைமானி, செல்போன் ஸ்டாப்வாட்ச்.

50 செ.மீ. ஊசல் 20 முறை ஆட எத்தனை வினாடி என்று பார்க்கச் சொன்னதில் மூன்று குழுக்களுக்கு 28.3, 28.4, 28.6 வந்தது. நான்காவது குழுவுக்கு 27.0. பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்ததும் 27.0 ரப்பரில் அழிந்து 28.3 ஆகிவிட்டது. கேட்டால், "தப்பா வந்துச்சு சார், சரி பண்ணிட்டோம்." எந்தச் சோதனை செய்தாலும் முதல் கேள்வி "சரியா வந்திருக்கா சார்?" என்பதுதான். சொந்தமாகக் கேள்வி கேளுங்கள் என்றால் கூகுளில் ஒரு வரியில் பதில் கிடைக்கிற கேள்வியாகக் கேட்கிறார்கள்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இலேயே அரசமைப்பின் 51ஏ பிரிவில் எழுதிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை எப்படிச் செய்வது என்பதுதான் அதில் இல்லை. நடைமுறையில் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

தங்கூசி

முதல் வேலை, ரப்பரையும் பென்சிலையும் வாங்கி வைத்துவிடுங்க. பேனா மட்டும். அடிக்க வேண்டுமென்றால் ஒரே கோடு, பழைய எண் தெரிகிற மாதிரி, பக்கத்தில் காரணம். "தப்பு" என்பதைக் காரணமாக ஏற்கக் கூடாது. "ஸ்டாப்வாட்சை லேட்டாக அமுக்கினேன்", "குண்டு மேசையில் இடித்தது" போன்றவைதான் காரணம்.

அடுத்து நோட்டில் நாலு கட்டம்: என்ன எதிர்பார்க்கிறேன், எவ்வளவு உறுதி (10க்கு), எது வந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன், என்ன வந்தது. முதல் மூன்றையும் ஊசலைத் தொடுவதற்கு முன்பே எழுதி முடிக்க வேண்டும். மூன்றாவது கட்டம்தான் கடினம். பாதிப் பேர் காலியாக விடுவார்கள். விடக் கூடாது. எது வந்தாலும் மாறாத எண்ணம் என்றால் சோதனை எதற்கு?

இப்போது உங்கள் 27.0. அது தூக்கி எறிய வேண்டிய எண் இல்லை. 28.4-ஐ 20-ஆல் வகுத்தால் ஓர் அலைவுக்கு (ஒருமுறை போய்த் திரும்ப) 1.42 வினாடி. 28.4-இல் 1.42 போனால் 26.98. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் 20 என்று சொல்லும் நேரத்தில் 19 அலைவுதான் முடிந்திருக்கும். ஸ்டாப்வாட்சைத் தொடங்கும்போது "சுழி" என்று சொல்ல வேண்டும். அந்தக் குழு ஊசலைப் பற்றி எதையும் தவறாகக் காணவில்லை. தாங்கள் எண்ணும் விதத்தைப் பற்றிய தகவல் அந்த எண்ணில் இருந்தது, அதைத்தான் அழித்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கு: "குண்டின் எடை கூடினால் மெதுவாக ஆடுமா, வேகமாகவா, மாறாதா?" இதில் ஒரு பொறி வைக்கலாம். சுமார் 1 செ.மீ. தடிமனுள்ள நட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்க்கச் சொல்லுங்க. ஒரு நட்டின் நடுவிலிருந்து 50 செ.மீ. இருந்த ஊசல், ஐந்து நட்டானதும் எடைமையம் 2 செ.மீ. இறங்கி 52 செ.மீ. ஊசலாகிவிடும். 20 அலைவுக்கு 28.4 என்பது 28.9 ஆகும். அரை வினாடி வித்தியாசம் ஸ்டாப்வாட்சிலேயே தெரியும். "கனமானால் மெதுவாக ஆடும்" என்று நிரூபித்துவிட்டதாகவே எழுதுவார்கள். உடனே திருத்தாதீங்க. "எடையைத் தவிர வேறென்ன மாறியது?" என்று மட்டும் கேளுங்க. யாராவது நீளத்தைக் கண்டுபிடித்ததும், நட்டுகளை ஒரே மட்டத்தில் கொத்தாகக் கட்டி மறுபடி பார்க்கட்டும். குப்பியில் மணல், தண்ணீர் என்று மாற்றிப் பார்ப்பதானால் இரண்டிலும் கழுத்துவரை நிரப்ப வேண்டும். அரைக்குப்பி என்றால் மையம் மாறி அதே கதைதான்.

சில சில்லறை விஷயங்கள்: பருத்தி நூல் இழுபடும், முறுக்கு அவிழும், தங்கூசி (நைலான் நூல்) நல்லது. ஆணியில் முடிச்சுப் போட்டால் தொங்கும் புள்ளி நகரும்; இரண்டு மரஸ்கேலுக்கு நடுவே நூலைக் கவ்வி பைண்டர் கிளிப் போடுங்க. 10 பாகைக்குள் இழுத்து விடுங்க. நேரத்தைக் குண்டு நடுவைக் கடக்கும்போது எண்ணுங்க, ஓரத்தில் அது நிற்பதும் திரும்புவதும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது.

கொஞ்சம் தேறியவர்களுக்கு: ஊசலின் நேரம் வீச்சை (எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதை) பொறுத்தது இல்லை என்று கலிலியோவே சொன்னார், புத்தகத்திலும் இருக்கும். 60 பாகைக்கு இழுத்து 5 அலைவு மட்டும் பார்க்கச் சொல்லுங்க. கணக்குப்படி சுமார் 7 சதவீதம் கூட வேண்டும். காற்றில் வீச்சு குறைந்துகொண்டே வருவதால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். ஊசல் கடிகாரம் செய்த ஹைகன்ஸ் இந்தக் குறையைத் தீர்க்கப் பெரும் பாடுபட்டார். புத்தகத்தில் "சிறிய வீச்சுக்கு" என்று இரண்டு சொல் ஏன் இருக்கிறது என்பது அன்றைக்குப் புரியும்.

இருட்டறை

தங்கூசி சொன்ன நோட்டு நல்லது, ஆனால் போதாது. எதிர்பார்ப்பை எழுதி வைத்துவிட்டதாலேயே கண் நேர்மையாகிவிடாது.

1903இல் பிரான்சின் நான்ஸி நகரில் ரெனே புளோன்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் 'என்-கதிர்கள்' என்று புதிதாக ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். மங்கலான ஒளி சற்றே பிரகாசமாவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் சான்று. பலரும் பார்த்ததாகச் சொன்னார்கள். 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்குப் போய், இருட்டில் யாருக்கும் தெரியாமல் கருவியிலிருந்த அலுமினியப் பட்டகத்தை எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாமலே அளவீடுகள் முன்போலவே சொல்லப்பட்டன. யாரும் ஏமாற்றவில்லை; பார்க்க விரும்பியதைப் பார்த்தார்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு வேலைக்கு இறங்கலாம்.

ஊசலில்: ஸ்டாப்வாட்சை அமுக்குபவர் திரையைப் பார்க்கக் கூடாது. போனைக் கவிழ்த்துப் பிடித்து, நின்றதும் இன்னொருவர் எடுத்துப் படித்து எழுத வேண்டும். ஐந்து அளவீடும் முடியும்வரை குழுக்கள் எண்களைப் பகிரக் கூடாது. கனமான குண்டா, லேசானதா என்பது எண்ணுபவருக்குத் தெரியாமல் இருக்க இரண்டுக்கும் ஒரே மாதிரி காகித உறை போடுங்கள்.

கண்கட்டுச் சோதனைக்கு மண்பானைத் தண்ணீரைவிட நல்ல பொருள் கிடையாது. "எனக்கு ருசியிலேயே தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே குழாயில் பிடித்த தண்ணீர், ஓர் இரவு மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும். காலையில் இரண்டையும் மூடிய பாட்டில்களில் ஊற்றி, ஒரே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் ருசிக்குப் பதில் குளிர்ச்சியைத்தான் கண்டுபிடிப்பார்கள். புதுப் பானை வேண்டாம், மண்வாசனை காட்டிக் கொடுத்துவிடும். அல்லது அதையே தனிக் கேள்வியாக்குங்கள்.

எட்டுக் கோப்பை, நாலு பானை, நாலு குடம். வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து அடியில் எழுதி வையுங்கள். ஊற்றியவர் அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும், அவர் முகமே பதிலைச் சொல்லிவிடும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். எட்டும் சரியாகக் குருட்டாம்போக்கில் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்பு. புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் 1935இல் தேநீரை வைத்து விளக்கிய அமைப்பு இது. கவனிக்க வேண்டியது ஆறு சரி என்ற நிலை. பிள்ளைகள் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடுவார்கள். ஆனால் ஆறோ அதற்கு மேலோ தற்செயலாக வர 70-இல் 17 வாய்ப்பு, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. 14 பேரும் வெறுமனே ஊகித்தாலே மூன்று பேருக்காவது அப்படி வருவது சாதாரணம்.

நேரம் மிஞ்சினால் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட எண் விளையாட்டு. "2, 4, 6 என் விதிக்குப் பொருந்தும். நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துமா இல்லையா என்று சொல்கிறேன். விதியைக் கண்டுபிடியுங்கள்." பெரும்பாலோர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டுவிட்டு "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்பார்கள். விதி "ஏறுவரிசை" என்பது மட்டுமே. தங்கள் ஊகம் உடையக்கூடிய எண்களை, 1, 2, 50 போல, ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். யார் எத்தனை முறை "பொருந்தாது" என்ற பதிலை வாங்கினார்கள் என்று கரும்பலகையில் எழுதுங்கள்.

உச்சிவெயில்

மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் ஊசலுக்கு விடை இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். "சரியா வந்திருக்கா?" என்று கேட்காமல் எப்படி இருப்பார்கள்? உங்கள் முற்றத்தில் மட்டுமே விடை கிடைக்கிற கேள்வியைக் கொடுங்கள்: இங்கே நிழல் மிகக் குட்டையாவது எத்தனை மணிக்கு?

எல்லோரும் 12 என்று எழுதுவார்கள், உறுதி 10க்கு 10. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோவை சுமார் 77 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் 22 நிமிடம் பின்தங்கும். அதன் மேல் பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அச்சுச் சாய்வாலும் ஆண்டு முழுக்க ஏற்ற இறக்கம். நவம்பர் தொடக்கத்தில் சுமார் 12:06, பிப்ரவரி நடுவில் சுமார் 12:36. கோவையில் ஒரு நாளும் 12 மணிக்கு உச்சி வருவதில்லை.

40 செ.மீ. குச்சியை நட்டு நேரடியாகப் பார்த்தால் வேலைக்கு ஆகாது. டிசம்பரில் உச்சிக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் நிழல் நீளம் மாறுவது 1 மி.மீ. அளவுதான், நிழல் முனையின் மங்கலோ அரை செ.மீ. ஆகவே 12 என்று நம்புகிறவர் கண்ணுக்கு 12 மணிக்கே மிகக் குட்டையாகத் தெரியும். இருட்டறை சொன்ன சங்கதி வெட்டவெளியிலேயே நடக்கும்.

வழி இது. குச்சியின் உச்சியில் 3 மி.மீ. துளையிட்ட அட்டையை ஒட்டுங்கள். நிழல் முனைக்குப் பதில் ஒளிப்புள்ளியின் நடுவைக் குறியுங்கள். துளைக்கு நேர் கீழே உள்ள இடத்தைத் தூக்குக்குண்டால் குறித்து, அதை மையமாக வைத்து ஒளிப்புள்ளி வழியாக வட்டம் போடுங்கள். டிசம்பர் 21 வாக்கில் 11:40க்குப் போட்ட வட்டத்தை ஒளிப்புள்ளி மறுபடி சுமார் 1:00 மணிக்குத் தொடும். நடு நேரம் 12:20. ஓரிரு நிமிடத் துல்லியம் கிடைக்கும். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், சிமெண்ட் முற்றம் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகவே போட்டிருப்பார்கள். அமர்வை அன்றைக்கு மட்டும் 11:30க்கு மாற்ற வேண்டியிருக்கும்.

தொடர்ந்து செய்தால் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் மூன்றாம் வாரம் நிழலில்லா நாள் (சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நாள்) தாண்டியதும் உச்சி நிழல் தெற்குப் பக்கம் விழ ஆரம்பிக்கும், ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை. அதைப் பார்த்த பிறகு கேள்வி கேளுங்கள் என்று சொல்லவே வேண்டியிருக்காது.

சனிக்கிழமை_மன்றம் (கோவை)

மிக்க நன்றி. 27.0 குழுவிடம் "நீங்கள் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டீர்கள்" என்று சொல்லிவிடலாமா?

இருட்டறை

சொல்லாதீர்கள். அது தங்கூசியின் ஊகம்தானே? நூல் 45 செ.மீ. இருந்திருந்தாலும் 27.0 வரும். ஸ்கேலின் சுழியை விட்டுவிட்டு 5 செ.மீ. கோட்டிலிருந்து அளப்பது அந்த வயதில் அபூர்வம் இல்லை.

தங்கூசி

ஒப்புக்கொள்கிறேன், இரண்டையும் பிரிக்கிற சோதனை வேண்டும். ஊசல் அவிழ்க்கப்படாமல் இருந்தால் நூலை அளந்தாலே போதும். அவிழ்த்திருந்தால் அதே பிள்ளைகள், அதே வழக்கப்படி கட்டி, அளந்து, எண்ணட்டும். இந்த முறை 40 அலைவு. எண்ணுவதில் ஒன்று விட்டுப்போவதாக இருந்தால் 20-இலும் 40-இலும் குறைவு அதே 1.42 வினாடிதான், எனவே 56.8க்குப் பதில் 55.4 வரும். நூல் குட்டை என்றால் குறைவு இரட்டிக்கும், 54.0 வரும். இந்த இரண்டு எண்ணையும் முன்கூட்டியே அவர்களையே கணக்கிட்டு நோட்டில் எழுத வையுங்க. 56.8 வந்தால் இரண்டு ஊகமும் போச்சு. ஸ்டாப்வாட்ச் பிடித்தவரை மாற்றி 20 அலைவை ஐந்து முறை எடுத்துப் பாருங்க, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று.