எருக்கம் புதர் முன்னால் அரை மணி நேரம் நிற்கிறேன், இதுவும் சாமி கும்பிடுறதுதானா?

வில்லியனூர்_தறிக்காரர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 58. மில்லில் 27 வருஷம் தறி ஓட்டினேன். புதுச்சேரி பக்கத்துல இருக்கிற எங்க ஊசுட்டேரியை 2008ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சப்போ எனக்கு நைட் ஷிப்ட். வீட்டுல இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான், ஆனா ஒருநாள் நின்னு பார்த்ததில்ல. மில் மூடின பிறகுதான் காலையில பத்துக்கண்ணு பக்கம் போய்க் கரையோரமா நடக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல பறவைதான் பார்த்தேன். நாமக்கோழி, முக்குளிப்பான், தண்ணிக்கு மேல கழுத்தை மட்டும் நீட்டுற பாம்புத்தாரா. இப்ப ரோட்டோரத்துல இருக்கிற ஒரு எருக்கம் புதர் தாண்டி கால் போக மாட்டேங்குது.

போன வாரம் அதுல ஒரு புழு. உடம்பு பூரா கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம். இலையோட நடு நரம்பைக் கடிச்சுது. பால் பொட்டா திரண்டு சொட்டிச்சு. புழு ஒதுங்கி நின்னுச்சு. வடிஞ்சு அடங்கின பிறகு நரம்புக்கு அந்தப் பக்கம் போய், நுனியில இருந்து தின்ன ஆரம்பிச்சுது. அறுந்த இழையையே தேடிப் பழகின கண்ணு, ஒண்ணுகூட விடல. அரை மணி நேரம் போனதே தெரியல. மனசு கர்ப்பக்கிரகத்து முன்னால நிக்கிற மாதிரி அடங்கிப் போச்சு.

வெள்ளிக்கிழமை தவறாம கோகிலாம்பிகை சந்நிதியில நின்னவன் நான். இப்ப ரெண்டு மாசமா போகல. வீட்டுக்காரம்மா வருத்தப்படுறாங்க. அந்தப் புழு எனக்கு ஏதோ சொல்ல வந்ததுன்னு எடுத்துக்கலாமா? இல்ல, அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நானா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

முத்தியால்பேட்டை_அக்கா:

அண்ணே, அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. எருக்கம்பாலோட நஞ்சு அது உடம்புலயே தங்கிடும். பட்டாம்பூச்சியான பிறகும் அந்தக் கசப்பு போகாது, அதனால பறவைங்க பெரும்பாலும் அதைத் தொடாது.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து அன்னை ஏறத்தாழ 900 பூக்களுக்கு உட்பொருள் சொல்லிப் பேர் வெச்சிருக்காங்க. வேப்பம்பூ ஆன்மிகச் சூழல். துளசி பக்தி. சமாதிக்கு மேல நிழல் விரிச்சிருக்கிற இயல்வாகை, சேவை. எருக்கம்பூவுக்கு அவங்க சொன்னது தைரியம். குப்பை மேட்டுல, தண்ணி ஊத்த ஆளில்லாம நிக்கிற செடிக்கு அந்தப் பேரு! அம்மா என்னைச் சின்ன வயசுல கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு பூவா சொல்லிக் கொடுத்தாங்க. அதுல இருந்து எருக்கைப் பார்த்தா எனக்கு நிமிர்ந்து நிக்கத் தோணும். பொருள் எடுத்துக்கிறது தப்பே இல்ல. அப்புறம், கோகிலம்னா குயில். உங்க ஊர் அம்பாள் பேருலயே பறவை இருக்கு.

குறிஞ்சிப்பாடி_பெரியவர்:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு, தம்பி. மகளுக்கு வரன் பார்த்த சமயம். கருடன் வட்டமிட்டா இந்த இடத்தையே முடிச்சிடலாம்னு வேண்டிக்கிட்டு, பெருமாள் ஏரிக்கரையில மூணு நாள் வானத்தையே பார்த்து நடந்தேன். கருடன் வரல. கூட வந்த மச்சான் மூணாம் நாள் கேட்டார், "கீழ பார்த்தீங்களா மாமா?" கரைக்கு அந்தப் பக்கம் நடவு வயல் பூரா நத்தைகுத்தி நாரை. நான் ஒண்ணைக்கூடப் பார்க்கல. அன்னையில இருந்து ஏரிக்கிட்ட எதையும் கேக்குறதில்ல.

தைப்பூசத்துக்கு வடலூர் போயிருப்பீங்க. 7 திரையும் ஒண்ணொண்ணா விலகி ஜோதி தெரியுறப்போ யாராவது அதுக்கு அர்த்தம் கேப்பாங்களா? மார்கழி மாசம் ஏரிமேல பனி விலகுறப்போ எனக்கு அதேதான். சும்மா நில்லுங்க. ஆனா வீட்டம்மாவை விட்டுட்டுத் தனியா நிக்காதீங்க, அது மட்டும் சரியில்ல.

பாகூர்_பையன்:

ஐயா, அந்தப் புதரைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. எங்க ஏரிக்கரையைச் சுத்தம் பண்றோம்னு வந்தவங்க போன வருஷம் எருக்கு, நொச்சி எல்லாத்தையும் அடியோட வெட்டிட்டாங்க. முட்டையும் புழுவும் இலையோட போச்சு. ரெண்டு புதராவது விடுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன், கேக்கல. ஆள் வர்றதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

வில்லியனூர்_தறிக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் சொன்னதுக்காக இன்னைக்கு வீட்டுல கூட்டிட்டுப் போனேன். பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கம்பூ வேணும்னுதான் வந்தாங்க. புழுவைக் காணோம். நான் மேல தேடிக்கிட்டு இருக்க, அவங்கதான் குனிஞ்சு ஒரு இலையைத் திருப்பினாங்க. அடிப்பக்கம் பச்சையா ஒரு கூட்டுப்புழு தொங்குது, சுண்டுவிரல் நுனி அளவுதான். "இது எப்ப திறக்கும்?"னு கேட்டாங்க. தெரியலன்னேன்.

அந்தக் கிளையில பூ பறிக்காம பக்கத்துச் செடியில பறிச்சுக்கிட்டாங்க. அப்படியே கோயிலுக்கும் போயிட்டு வந்தோம். நாளைக்குக் காலையில 6 மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்காங்க.