டயாலிசிஸுக்குப் பின் ரத்தத்தின் மின்தடை: கணக்கு இடிக்கிறது, உதவி தேவை

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களின் ரத்தத்தில், டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் மின்தடை அளக்கிறேன். நான்கு மின்முனைகள் கொண்ட அளவீட்டுக் கலம், 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை, 37 டிகிரி செல்சியஸ்.

குறைந்த அதிர்வெண்ணில், டயாலிசிஸுக்குப் பின் எடுத்த மாதிரியின் மின்தடை கூடுகிறது. நீர் வெளியேறி ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதால் கொஞ்சம் கூடும், சரி. அதைக் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சுகிறது. பொட்டாசியம் குறைவதைக் காரணம் காட்ட முடியாது. லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியத்துக்கு முன் அதன் பங்கு சொற்பம். பிளாஸ்மாவை (செல்கள் நீங்கிய திரவப் பகுதி) தனியே அளந்தேன், பெரிய மாற்றமில்லை. உப்புக் கரைசலில் கலத்தைச் சரிபார்த்தாயிற்று. ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயை விட்டு, அதே வேலையைச் செய்யும் லித்தியம் ஹெப்பாரினுக்கு மாறினேன் (இடிடிஏ தன் பங்குக்குப் பொட்டாசியத்தைச் சேர்த்துவிடும்). செல்கள் படியாமல் மெதுவாகக் கலக்கியும் அதே கதை.

மிஞ்சும் வித்தியாசம் சிவப்பணுக்களின் வடிவ மாற்றத்தாலா, அவை ஒட்டிக்கொள்வதாலா என்று பிரித்தறிய எந்த அளவீட்டைச் சேர்க்கலாம்?