ஸ்ப்ளெண்டர் சைலன்சர் ஸ்டட் உள்ளேயே முறிந்தது: சூடாக்கினால் ஓட்டை விரியுமா, சுருங்குமா?

லேத்_அண்ணாச்சி
பக்கத்து இழையில் மாறன் தம்பி உதவி கேட்டிருந்தார். பழைய ஸ்ப்ளெண்டர் பிளஸ் பைக். சைலன்சரைக் கழற்றப் போனபோது ஹெட்டில் (சிலிண்டரை மூடும் அலுமினிய வார்ப்பு) இருக்கும் இரண்டு ஸ்டட்டில் (தலையில்லாத மரைக் கம்பி) ஒன்று நட்டோடு முறிந்து, மீதி ஹெட்டோடு ஒட்டு மட்டமாய் உள்ளே நிற்கிறது. அதற்கு கம்பஷன்_குமார் கொடுத்த வைத்தியம் இது: "சூடாக்காதீர்கள். அலுமினியம் எல்லாப் பக்கமும் விரியும், ஓட்டையின் உள்பக்கமும் விரியும். ஓட்டை சின்னதாகி ஸ்டட்டை இன்னும் கவ்விக்கொள்ளும். நேராக ஈஸி அவுட் போடுங்கள்." ஈஸி அவுட் என்றால் முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, உள்ளே விட்டு இடப்பக்கமாகத் திருகிக் கழற்றும் கருவி. இந்த வைத்தியத்துக்கு ஏழு பேர் விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள்.

சூடாக்கினால் ஓட்டை சுருங்குமாம்! மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா, குமார்? வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, குறடால் தூக்கி மரச்சக்கரத்தில் இறக்குவார்கள். குளிர்ந்த பட்டை ஏறாது, காய்ந்த பட்டை ஏறும். மேலே தண்ணீர் ஊற்றியதும் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். கொல்லனுக்குத் தெரிந்தது பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை.

கம்பஷன்_குமார்
வணக்கம் அண்ணாச்சி. பேரைச் சொல்லித் தனி இழையே தொடங்கிவிட்டீர்கள், நன்றி. வண்டிப் பட்டை ஒரு வளையம். சிலிண்டர் ஹெட் வளையம் இல்லை, சுற்றிலும் தடித்த வார்ப்பு. வளையத்துக்குப் பொருந்துவது வார்ப்புக்குப் பொருந்தாது. அதோடு, நீங்கள் டார்ச் காட்டும்போது ஸ்டட்டும் சூடாகும், அதுவும் விரியும். இதற்குப் பதில் சொல்லுங்கள், மாட்டு வண்டியை அப்புறம் பூட்டலாம்.

மாட்டிக்கிட்ட_மாறன்
அண்ணே, நான்தான் அந்த மாறன். ஸ்டட் 6 எம்எம். எக்ஸாஸ்ட் வாய் கீழே பார்த்து இருப்பதால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெட்டை இறக்காமல் எடுக்க வழி உண்டா?

லேத்_அண்ணாச்சி
தடித்த வார்ப்பு என்றால் ஓட்டை சுருங்கிவிடுமா? வால்வ் சீட் (வால்வ் வந்து உட்காரும் வளையம்) மாற்றுவது எப்படி என்று எந்த ஹெட் வேலைக்காரரையும் கேளுங்கள். ஹெட்டை ஓவனில் வைத்துச் சூடாக்கி, சீட்டைக் குளிர வைத்து, அப்புறம்தான் இறக்குவார்கள். கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிக்கூடு) பேரிங் போடுவதும் அப்படித்தான். கேஸைச் சூடாக்கினால் பேரிங் தன்னால் விழும். ஓட்டை சுருங்குவதாக இருந்தால் பேரிங் எப்படி விழுகிறது? குமார், ஒரே வார்த்தையில் பதில்: விரியுமா, சுருங்குமா?

பெட்ரோல்_பாண்டி
டபிள்யூடி 40 அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் கையால் கழன்றுவிடும். இதற்குப் போய் ஏன் சண்டை.

லேத்_அண்ணாச்சி
பாண்டி, ஒட்டு மட்டமாய் முறிந்ததைக் கையால் எப்படிக் கழற்றுவது? நகத்தாலா? முதலில் டபிள்யூடி 40 துரு இளக்குவதற்காகப் பிறந்த எண்ணெயே இல்லை. 1953-ல் அமெரிக்காவில் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது அது. 40-வது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். துரு இளக்குவதற்கு அந்தக் கம்பெனியே வேறு டப்பா விற்கிறது. அப்புறம், இந்த ஸ்டட் தலைகீழாய்த் தொங்குகிறது. அடித்த எண்ணெய் அங்கே நிற்குமா, உங்கள் கண்ணில் சொட்டுமா?

பெட்ரோல்_பாண்டி
எனக்கு வேலை செய்தது. அவ்வளவுதான்.

கம்பஷன்_குமார்
வால்வ் சீட்டில் மரை கிடையாது. அது வழவழப்பான பொருத்தம். ஸ்டட்டில் மரை உண்டு. இரண்டையும் குழப்புகிறீர்கள்.

சரி, கணக்குக்கே வருவோம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், எஃகு 12. வித்தியாசம் 11. 6 எம்எம் ஸ்டட்டை 150 டிகிரி ஏற்றினால் கிடைப்பது கிட்டத்தட்ட 10 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு, போனால் ஐந்தில் ஒரு பங்கு. இந்த இடைவெளிக்காகத்தான் பெட்ரோல் டேங்குக்குக் கீழே நெருப்பைக் கொண்டுபோகச் சொல்கிறீர்கள்.

லேத்_அண்ணாச்சி
அப்படியென்றால் விரிகிறது! அவர் கணக்கே சொல்கிறது! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

கம்பஷன்_குமார்
நான் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் கணக்குப்படியே போனாலும் 10 மைக்ரான்தான் என்றேன்.

சேலத்துக்காரி
ஒரு சின்னச் சந்தேகம். எதைச் சூடாக்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள் இரண்டு பேரும்? ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தையா, ஸ்டட்டையா? சுற்றியுள்ளதை என்றால் அண்ணாச்சி சொல்வது சரி. சுடரை நேராக ஸ்டட் மேல் காட்டினால், சூடாக இருக்கும் வரை அது இன்னும் இறுக்கமாகத்தான் நிற்கும். ஆனால் நட்டை வைத்து வெல்டு போடுகிறார்களே, அங்கே ஸ்டட்தான் சிவக்கிறது. விரிய இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது முன்பைவிடச் சிறுத்துவிடும். துருப் பிடிப்பும் உடையும். வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. எங்கள் பட்டறையில் ஹெட் ஸ்டட்டுக்கு முதலில் செய்வது அதைத்தான். போடும் முன் பேட்டரி வயரையும் சிடிஐ-யையும் (ஸ்பார்க் பிளக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) கழற்றிவிட வேண்டும்.

லேத்_அண்ணாச்சி
தங்கச்சி சரியாகச் சொன்னார். அண்ணாச்சி சொல்வது சரி என்றார். குமார், படித்தீர்களா?

கம்பஷன்_குமார்
அவர் வெல்டைப் பற்றிச் சொன்னது உங்கள் டார்ச்சுக்கு எதிரானது. பாதியை மட்டும் படிக்கும் வழக்கம் உங்களுக்குப் போன தடவையிலிருந்தே இருக்கிறது. செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றச் சொன்னவர்தானே நீங்கள்? ஓ-ரிங் செயினா, சாதாரண செயினா என்று கூடக் கேட்காமல்.

சேலத்துக்காரி
தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம். சேலத்துக்காரி என்றாலே போதும்.

லேத்_அண்ணாச்சி
செயின் விஷயத்தை ஏன் இழுக்கிறீர்கள்? என் வண்டிச் செயின் இன்றைக்கும் ஓடுகிறது. மரியாதையாகத்தானே தங்கச்சி என்றேன், அதில் என்ன தப்பு? எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மாட்டிக்கிட்ட_மாறன்
நீங்கள் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். நடுவில் ஓட்டை போட்டு ஈஸி அவுட் விட்டுத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். ஈஸி அவுட் உள்ளேயே முறிந்துவிட்டது. பார்த்தால் ஸ்டட்டுக்கு நடுவில் பளபளவென்று ஒரு புள்ளி தெரிகிறது. டிரில் பிட் வைத்தால் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்துக்குப் போகிறது.

லேத்_அண்ணாச்சி
நினைத்தேன். "நேராக ஈஸி அவுட் போடுங்கள்." யார் சொன்னது? நான் சொல்லவில்லை. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6 எம்எம் ஸ்டட்டுக்குள் போகும் ஈஸி அவுட் எவ்வளவு ஒல்லியாக இருக்கும்? முழு 6 எம்எம்மைத் திருகி முறித்த இறுக்கத்தை அந்தக் குச்சியா கழற்றப் போகிறது? அதோடு அது ஆப்பு மாதிரி உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை வெளிப்பக்கமாகத் தள்ளி மரையோடு இறுக்கும். சூடாக்கித் தளர்த்தாமல் ஈஸி அவுட்டைத் தொட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். உள்ளே நிற்பது இப்போது கடினப்படுத்திய எஃகு. சாதாரண பிட் அதில் ஏறாது, பக்கத்தில் இருக்கிற அலுமினியத்தைத்தான் தின்னும்.

கம்பஷன்_குமார்
மலிவான ஈஸி அவுட்டாக இருந்திருக்கும். சென்டர் பஞ்ச் நடுவில் விழுந்ததா, என்ன சைஸ் ஓட்டை, என்ன பிராண்ட் என்று ஏதாவது கேட்டீர்களா, அண்ணாச்சி? இடது சுற்று பிட்டால் (எதிர்ப்பக்கம் சுழன்று வெட்டும் டிரில் பிட்) ஓட்டை போட்டிருந்தால் போடும்போதே ஸ்டட் சுழன்று வெளியே வந்திருக்கும். முறை தப்பாகச் செய்ததற்கு முறையைக் குற்றம் சொல்ல முடியாது.

லேத்_அண்ணாச்சி
இடது சுற்று பிட் பற்றி முதல் பதிலில் ஒரு எழுத்து இல்லை. இப்போது முளைக்கிறது.

பெட்ரோல்_பாண்டி
அன்றைக்கே டபிள்யூடி 40 அடித்திருந்தால்...

சேலத்துக்காரி
மாறன், இனி அடியில் படுத்து எதுவும் செய்யாதீர்கள். ஹெட்டை இறக்கிவிடுங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்பார்க் எரோஷன். மின்பொறியால் எஃகை அரித்து எடுக்கும் மெஷின், எவ்வளவு கடினமான எஃகாக இருந்தாலும் கவலை இல்லை. கோவையிலும் அம்பத்தூர், கிண்டி பக்கமும் அச்சு செய்யும் பட்டறைகளில் இருக்கும். இன்னொன்று படிகாரம். சவரக் கடையில் வைத்திருப்பார்களே, அதே படிகாரம்தான். வால்வ், ஸ்பிரிங், எஃகுத் துண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அடர்த்தியாகக் கரைத்த படிகாரத் தண்ணீரை அந்த ஓட்டையில் மட்டும் தேங்கும்படி விட்டுச் சூடாகவே வைத்திருந்தால், எஃகு மெல்ல மெல்லக் கருத்துக் கரையும். அலுமினியம் அநேகமாக அப்படியே இருக்கும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் முறிந்த திருகை இப்படித்தான் எடுப்பார்கள். நாள் கணக்கில் பொறுமை வேண்டும்.

கம்பஷன்_குமார்
படிகாரமா! அடுத்து எலுமிச்சம்பழம் வைத்துத் திருஷ்டி கழிக்கச் சொல்வீர்களா?

சேலத்துக்காரி
கடிகாரக் கடையில் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். கேட்காமலே சிரிக்கும் ஆட்களால்தான் ஈஸி அவுட் வியாபாரம் நன்றாக நடக்கிறது.

லேத்_அண்ணாச்சி
படிகாரம் நிஜம்தான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வால்வ் சீட்டும் எஃகு வகைதான், அதன் மேல் பட்டால் அதுவும் அரிக்கும். ஸ்டட்டைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி ஊற்ற வேண்டும். அவ்வளவு பாடு படுவதற்கு ஒரு நல்ல ஆளிடம் கொடுத்தால் கார்பைடு பிட்டால் (கடின எஃகையும் வெட்டும் பிட்) மில்லிங் மெஷினில் வைத்து எடுத்துவிடுவார். பிறகு 6.3 எம்எம் ஓட்டை, ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே விடும் கம்பிச் சுருள்), புது ஸ்டட், காப்பர் கிரீஸ், நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். கை வலிக்க முறுக்க வேண்டாம். முறுக்கினால்தான் இந்தக் கதையே.

சொல்ல வந்தது அது இல்லை. குமார் இன்னும் பதில் சொல்லவில்லை. கேஸைச் சூடாக்கினால் பேரிங் ஏன் விழுகிறது?

வடசென்னை_வாசு
ஒரு ஸ்டட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? புதுப்பேட்டை போனால் பழைய ஹெட் கிடைக்கும். மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

லேத்_அண்ணாச்சி
பழைய ஹெட் வாங்குவார், அதன் ஸ்டட் மட்டும் புதுசாக இருக்குமா? அதுவும் இதே துரு, இதே வயசு. அடுத்த தடவை சைலன்சரைக் கழற்றும்போது அதுவும் முறியும். கேம் உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறதா, வால்வ் கைடு ஆடுகிறதா, யார் பார்ப்பார்கள்? விற்கிறவரா?

வடசென்னை_வாசு
புதுப்பேட்டையைப் பற்றித் தப்பாகப் பேசாதீர்கள். உங்கள் ஊர்க்காரர்களும் அங்கே வந்துதான் வாங்குகிறார்கள். பார்த்து வாங்கத் தெரியாதவன் எங்கே போனாலும் ஏமாறுவான்.

லேத்_அண்ணாச்சி
ஊரைச் சொல்லவில்லை, ஹெட்டைச் சொன்னேன்.

வடசென்னை_வாசு
சொன்னதைத் திருப்பிப் படியுங்கள், "விற்கிறவரா" என்று நக்கல் அடித்தது யார்?

கம்பஷன்_குமார்
வாசு, விடுங்கள். எல்லோரிடமும் இப்படித்தான். இவருக்குத் தன் லேத்தைத் தவிர உலகில் வேறு மெஷினே இல்லை.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். பேரிங் விழுவது முழுக் கேஸையும் ஒரே சீராகச் சூடாக்குவதால். மாறன் வண்டியில் ஹெட் இன்ஜினோடு இருக்கிறது. ஒரு மூலையில் டார்ச் காட்டினால் அந்த மூலை மட்டும் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த வார்ப்பு அதை விடாது. அப்போது உள்பக்கம் நெருக்கும். நான் முதலில் சொன்னது இந்த அர்த்தத்தில்தான்.

லேத்_அண்ணாச்சி
முதலில் "எல்லாப் பக்கமும் விரியும், ஓட்டை சின்னதாகும்." அப்புறம் "வளையம் வேறு." அப்புறம் "மரை வேறு." அப்புறம் "10 மைக்ரான்." இப்போது "ஒரு மூலை." இந்த இழையில் மரை கழன்றது ஸ்டட்டுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

அலுமினியத்தில் சூடு எவ்வளவு வேகமாகப் பரவும் தெரியுமா? சின்ன ஹெட், கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிக் காட்டினால் தண்ணீர் சொட்டு விட்டதும் சுர்ரென்று ஆவியாகும் சூடு வந்துவிடும். அதற்கு மேல் வேண்டாம். அலுமினியம் சிவந்து காட்டாது. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும், ஹெட் கலப்பு உலோகம் அதற்கும் முன்பே சொல்லாமல் கொள்ளாமல் உருகி ஊற்றும். டேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நெருப்பே மூட்ட வேண்டும், அதைச் சொல்லாமலா இருப்பேன்? என் பதில் எதையும் முழுசாகப் படிக்காமல் பேசுகிறார்.

கம்பஷன்_குமார்
டேங்க்கைக் கழற்றச் சொல்லி இதற்கு முன் நீங்கள் எங்கே எழுதினீர்கள்? மேலே போய்த் தேடினேன், இல்லை.

லேத்_அண்ணாச்சி
அது எல்லோருக்கும் தெரிந்தது.

கம்பஷன்_குமார்
இடது சுற்று பிட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மாட்டிக்கிட்ட_மாறன்
ஹெட்டை இறக்கிவிட்டேன். ஸ்பார்க் எரோஷன் கடை ஒன்றில் கேட்டால், ஒரு துண்டு வேலைக்கு மெஷினை நிறுத்தமாட்டோம், வேறு வேலையோடு சேர்த்துத்தான் செய்வோம், விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். சேலத்துக்காரி, கார்பைடு பிட் என்றால் சாதாரண டிரில் மெஷினில் மாட்டலாமா?

சேலத்துக்காரி
கூடாது. கையில் பிடித்துப் போட்டால் கார்பைடு கண்ணாடி மாதிரி நொறுங்கும், அப்புறம் அதுவும் உள்ளே நிற்கும். மில்லிங் மெஷினில் ஹெட்டை இறுக்கிக் கட்டித்தான் போட வேண்டும். கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.

பெட்ரோல்_பாண்டி
இன்னொரு ஸ்டட் நன்றாக இருக்கிறதா? அதற்காவது டபிள்யூடி 40 அடித்து வையுங்கள்.

லேத்_அண்ணாச்சி
பாண்டி, அந்த டப்பாவை மூடு.

மாறன் தம்பி, இன்னொரு ஸ்டட்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள், ஹெட் கையில் இருக்கும்போது சுலபம். சுற்றிலும் நன்றாகச் சூடாக்கிவிட்டு, இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். கழன்றதும் இங்கே வந்து ஓட்டை விரிந்ததா சுருங்கியதா என்று எழுதுங்கள். சிலர் காத்திருக்கிறார்கள்.

கம்பஷன்_குமார்
ஏற்கெனவே நட் கழன்று வந்த, துரு ஏறாத ஸ்டட்டைக் கழற்றிவிட்டு அதை ஆதாரம் என்பீர்கள். சூடாக்காமலும் ஒரு தடவை முயற்சி செய்துவிட்டு எழுதுங்கள், மாறன். கழன்றால் அண்ணாச்சி என்ன சொல்வார் என்று பார்ப்போம்.

லேத்_அண்ணாச்சி
குளிர்ந்த ஸ்டட்டைத் திருகச் சொல்கிறார்! மறுபடியும்! இன்னொன்றையும் முறிக்காமல் விடமாட்டார் போலிருக்கிறது.