ஸ்பிளாஷ் படத்தோடு நின்றுபோன க்யூஜிஐஎஸ்: உங்களிடம் மாட்டிய கேஸ் எது?

அட்சரேகை:
விண்டோஸ் மெஷின், அதில் க்யூஜிஐஎஸ் (வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள்). ஐகானைத் தட்டினால் ஸ்பிளாஷ் படம் வரும், பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) ஏற்றும் கட்டம் வரை போகும், அப்புறம் காலி. எரர் பெட்டிகூட வராது. டாஸ்க் மேனேஜரில் க்யூஜிஐஎஸ்-பின் என்ற ப்ராசஸ் சில நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அன்இன்ஸ்டால், ரீஇன்ஸ்டால் எல்லாம் செய்தும் அதே கதை. வேறென்ன ஆகும்? அன்இன்ஸ்டால் மென்பொருளைத்தான் நீக்கும், யூசர் ப்ரொஃபைலைத் தொடாது. ஆப்டேட்டா ரோமிங்கில் க்யூஜிஐஎஸ் > க்யூஜிஐஎஸ்3 > ப்ரொஃபைல்ஸ் > டீஃபால்ட். இந்தக் கடைசி ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. பிறகு பழையதையே திரும்ப வைத்து, அதற்குள் பைதான் > பிளகின்ஸில் பாதியை வெளியே எடுத்து ஓட்டி, மிச்சத்தில் பாதி, அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே போனால் ஆள் அகப்பட்டான்: பழைய பைதானுக்காகத் தொகுத்த டிஎல்எல் (விண்டோஸின் நிரல் நூலகக் கோப்பு) ஒன்றைக் கூடவே சுமந்து வந்த பிளகின். அப்டேட்டில் பைதான் மாறியிருந்தது, பிளகின் மாறவில்லை.

பிக்சல்:
இதற்குப் போய் இவ்வளவு வேலையா? டீஃபால்ட் ஃபோல்டரை டெலிட் செய்தால் முடிந்தது.
இங்கே வந்த கேஸ் வேறு. கிராஷ் இல்லை, திறக்க ஒரு யுகம் ஆகும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டுத் திறந்தால் உடனே திறக்கும்! பிரவுசர் பேனலின் (க்யூஜிஐஎஸ்ஸுக்குள் ஃபைல்களைத் தேடும் பகுதி) ஃபேவரிட்ஸில் எப்போதோ அணைத்துவிட்ட சர்வரின் ஃபோல்டர் ஒன்று கிடந்தது. கேபிள் இருந்தால் அந்த சர்வர் பதில் சொல்லும் என்று டைம்அவுட் வரை காத்திருக்கும். இல்லாவிட்டால் அந்தக் கணமே கைவிட்டுவிடும். கமாண்ட் லைனில் ஹைட்பிரவுசர் ஆப்ஷன் கொடுத்துத் திறந்து, ஃபேவரிட்ஸிலிருந்து அதை நீக்கியதும் சரி. செத்துப்போன மேப்டு டிரைவ் எழுத்து இருந்தால் அதையும் கவனியுங்கள்.

கான்டூர்:
பிக்சல், டெலிட் செய்யச் சொல்லாதீர்கள். அந்த ஃபோல்டரில் க்யூஜிஐஎஸ்-ஆத் டிபி இருக்கிறது, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் அதில் இருக்கலாம். சிம்பாலஜி-ஸ்டைல் டிபியில் நீங்கள் உருவாக்கிய ஸ்டைல்கள். க்யூஜிஐஎஸ் டிபியில் கஸ்டம் சிஆர்எஸ் (ஆயத்தொலைவு முறை). அட்சரேகை செய்தது போலப் பெயரை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் முன்னால் நோபிளகின்ஸ் ஆப்ஷனோடு ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்தால் பிளகின் கோளாறு. திறக்காவிட்டால், ப்ரொஃபைல் ஆப்ஷனில் புதுப் பெயர் ஒன்றைக் கொடுத்தால் காலி ப்ரொஃபைலோடு திறக்கும். பழையதில் கை வைக்கவே வேண்டாம்.
என்னிடம் வந்த கேஸில் மென்பொருள் திறந்துவிட்டது, ஆனால் எந்த லேயருக்கும் சிஆர்எஸ் இல்லை. மெசேஜ் லாகில் ப்ராஜ் (சிஆர்எஸ் கணக்குகளைச் செய்யும் நூலகம்) டிபியின் லேஅவுட் எண் பழசு, வேறு ப்ராஜ் நிறுவலிலிருந்து வருகிறது என்ற புலம்பல். மேலே போட்டிருந்த பாதையைப் படித்தால் அது க்யூஜிஐஎஸ் ஃபோல்டரே இல்லை, வேறொரு டேட்டாபேஸ் மென்பொருளின் ஃபோல்டர்! அதை நிறுவும்போது ப்ராஜ்_லிப் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் சிஸ்டம் முழுமைக்கும் பதிவாகிவிட்டது. கமாண்ட் ப்ராம்ப்டில் செட் ப்ராஜ் என்று அடித்தால் அந்த எழுத்துகளில் தொடங்கும் வேரியபிள் எல்லாம் வரிசையாக வரும். ப்ராஜ் 9.1 முதல் ப்ராஜ்_டேட்டா என்ற பெயருக்குத்தான் முதலிடம், ஆகவே இரண்டையும் பாருங்கள். அதே விண்டோவில் வேரியபிளைக் காலியாக்கி, அங்கிருந்தே க்யூஜிஐஎஸ்ஸைத் திறந்து சரியானால் மட்டும் சிஸ்டத்திலிருந்து நீக்குங்கள். அந்த டேட்டாபேஸுக்கு அது தேவைப்படலாம்.

ராஸ்டர்:
லினக்ஸ். மெனுவிலிருந்து திறந்தால் கச்சிதமாக ஓடும். டெர்மினலில் அடித்தால் பைதான் ஆதரவு முடக்கப்படும், க்யூஜிஐஎஸ் என்ற மாட்யூலே இல்லை என்று வரும். ஒரே மெஷின், ஒரே யூசர். டெர்மினல் ப்ராம்ப்டின் முன்னால் அடைப்புக்குறிக்குள் பேஸ் என்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கோண்டா (தனித்தனி பைதான் சூழல்களை நிர்வகிக்கும் கருவி). க்யூஜிஐஎஸ்ஸின் உள்ளே பதிந்திருக்கும் பைதான், தன் நூலகங்கள் எங்கே என்பதை பாத்தில் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் கிடைக்கும் பைதான்3-ஐ வைத்துத்தான் கணிக்கும். அங்கே கோண்டாவுடையது உட்கார்ந்திருந்தது. கோண்டா டீஆக்டிவேட், முடிந்தது.

கோப்பறை:
எல்லாரும் ஊகித்து ஊகித்துத்தான் பிடித்திருக்கிறீர்கள். என் கேஸ் ஒரே வரி: கிராஃபிக்ஸ் டிரைவர், அதை அப்டேட் செய்ததும் பிரச்சினை போனது. கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். விண்டோஸில் சத்தமில்லாமல் சாகும் எந்த மென்பொருளுக்கும் முதலில் ஈவன்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ் > அப்ளிகேஷன். மென்பொருள் மறைந்த அதே நிமிடத்தில் அப்ளிகேஷன் எரர், ஈவன்ட் ஐடி 1000 பெரும்பாலும் இருக்கும். அதில் ஃபால்டிங் மாட்யூல் என்ற வரியும் அதன் பாதையும்தான் முக்கியம். பாதை ப்ரொஃபைலுக்குள் போனால் பிளகின், அட்சரேகையின் கேஸ். டிரைவரின் டிஎல்எல் என்றால் என் கேஸ். க்யூடி5கோர் போன்ற டிஎல்எல் க்யூஜிஐஎஸ்ஸுக்கு வெளியே ஏதோ ஃபோல்டரிலிருந்து வருகிறது என்றால் பாத்தில் வேறொரு மென்பொருள் முந்திக்கொண்டது. க்யூஜிஐஎஸ்ஸோடு வரும் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல்லில் வேர் என்று அடித்து டிஎல்எல் பெயரைக் கொடுத்தால், கிடைக்கும் இடமெல்லாம் வரிசையாக வரும். முதல் வரி க்யூஜிஐஎஸ் நிறுவிய ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். இந்தப் பதிவே இல்லை, டாஸ்க் மேனேஜரில் க்யூஜிஐஎஸ்-பின் இன்னும் இருக்கிறது என்றால் அது கிராஷே இல்லை, தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் பிக்சல் சொன்ன நெட்வொர்க் கதைக்கு வாருங்கள். ஒன்று விட்டுப்போயிற்று: க்யூஜிஐஎஸ்3 ஃபோல்டரில் ஸ்டார்ட்அப் டாட் பிஒய் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது ஓடும். அது ப்ரொஃபைல்ஸுக்கு வெளியே இருப்பதால் புது ப்ரொஃபைல் போட்டாலும் தப்பாது.

பிக்சல்:
பெயர் மாற்றமே சரி, கான்டூர். ஆத் டிபியை யோசிக்கவில்லை.

விளிம்பு:
டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, விண்டோ மட்டும் எங்கும் இல்லை என்பவர்களுக்கு: இரண்டாவது மானிட்டரைக் கழற்றியிருப்பீர்கள், பழைய இடத்திலேயே திறந்திருக்கும். ஐகானைத் தட்டிவிட்டு ஆல்ட்+ஸ்பேஸ், எம், ஏதாவது ஓர் அம்புக்குறி, பிறகு மவுஸை நகர்த்தினால் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். பெரிதாக்கிய நிலையில் இருந்தால் எம் வேலை செய்யாது, முதலில் ரீஸ்டோர். அதுவும் ஆகாவிட்டால் டீஃபால்ட்யூஐ ஆப்ஷன்.