டூஷேன் உள்ள பையனுக்கு ஐக்யூ 74 என்று ரிப்போர்ட்: இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி (நான்காம் வகுப்புப் பையனின் அம்மா)

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது, டூஷேன் தசைச்சிதைவு நோய். மரபணுப் பரிசோதனையில் 45 முதல் 52 வரை எக்ஸான்கள் (மரபணுவின் துண்டுகள்) இல்லை என்று வந்தது. இன்னும் நடக்கிறான், மாடி ஏற முடியாது, தினமும் ஸ்டீராய்டு. பள்ளியில் ஓயாத புகார்: சொன்னதைச் செய்வதில்லை, எழுதி முடிப்பதில்லை, சோம்பேறி. அவர்களே சொல்லி ஒரு இடத்தில் அறிவுத்திறன் சோதனை எடுத்தோம். காலை முழுக்க ஒரே மூச்சில் உட்கார வைத்து, பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்டு, கட்டைகளை அடுக்கச் சொல்லிக் கடிகாரம் பார்த்து, கடைசியில் 74 என்று ஒரே ஒரு எண் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் தமிழில் கதை கேட்டால் வாய் மூடாமல் சொல்வான். ஆனால் "பையை வச்சிட்டு, கை கழுவிட்டு, டிபன் பாக்ஸைக் கொண்டு வா" என்றால் பையை வைத்ததோடு நின்றுவிடுவான், அதுவும் உண்மை. தசை நோய் மூளையையும் பாதிக்குமா? தசை மாதிரி இதுவும் வருஷா வருஷம் மோசமாகுமா? "இவனைப் படிக்க வச்சு என்ன ஆகப்போகுது" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில் 1 (சிறார் உளவியலாளர்)

அம்மா, முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. டூஷேனில் மூளை சார்ந்த சிரமம் தசையைப் போலத் தேய்ந்துகொண்டே போவதில்லை. அது பிறவியிலேயே இருப்பது, மொழித்திறன் வயது ஏற ஏற மேம்படுவதும் உண்டு. சொந்தக்காரர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மூளையைப் பாதிக்குமா என்றால், பாதிக்கலாம். இந்த நோயில் இல்லாமல் போகும் டிஸ்ட்ரோபின் தசையில் மட்டும் இருக்கும் புரதம் இல்லை, மூளையிலும் உண்டு. அதே மரபணுவிலிருந்து வரும் டிபி140, டிபி71 என்ற குட்டையான வடிவங்களும் மூளையில் வேலை செய்கின்றன. உங்கள் மகனுக்கு விட்டுப்போன பகுதியில் டிபி140 அடிபடும், மரபணுவின் கடைசிப் பகுதியில் இருக்கும் டிபி71 தப்பிவிடும். டிபி71-உம் போனவர்களுக்குத்தான் சிரமம் பெரும்பாலும் அதிகம். இந்த நோயை விவரித்த டூஷேன் 1861இல் எழுதியபோதே இதற்குக் காரணம் மூளையில் இருக்குமோ என்று நினைத்தார். சராசரி ஐக்யூ மற்றவர்களைவிட 15 புள்ளி அளவுக்குக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அது கூட்டத்தின் சராசரி. நன்றாகப் படித்துப் பட்டம் வாங்குகிறவர்களும் இதே நோயோடுதான் இருக்கிறார்கள்.

அந்த டிபன் பாக்ஸ் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காதால் கேட்டதை மனதில் சற்று நேரம் பிடித்து வைப்பது இந்தக் குழந்தைகளில் பலருக்கு, ஐக்யூ நன்றாக இருந்தாலும்கூட, கஷ்டம். எண்களை வரிசையாகச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பகுதியில் அது தெரிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம், கவனக்குறைவு, ஆட்டிசம் போன்றவையும் மற்ற பிள்ளைகளைவிட இவர்களிடம் அதிகம் என்பதால் அவற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்த 74-ஐ அப்படியே நம்ப வேண்டாம். மிசிக் (இந்தியக் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனை) போன்றவற்றில் கட்டை அடுக்குவது, குறியீடுகளை வேகமாக எழுதுவது எல்லாம் கைக்கும் நேரத்துக்கும் சேர்த்து மார்க் போடுபவை. தோள் பலவீனமான பையனுக்கு அங்கே மார்க் குறைந்தால் அது அறிவுக் குறைவு ஆகாது. ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் தனியாக எழுதி வாங்குங்கள். வாய்மொழிப் பகுதி, ரேவனின் வண்ணக் கட்டங்கள் மாதிரி விரலால் காட்டினாலே போதுமான சோதனை, நேரக்கணக்கு இல்லாத பகுதிகள், இவற்றை வைத்துத்தான் பேச வேண்டும். தமிழில் கேட்க வேண்டும், இரண்டு மூன்று நாளாகப் பிரித்து, கை ஊன்ற சரியான உயரத்தில் மேஜை போட்டு. ஸ்டீராய்டு சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் தூக்கக்கேட்டையும் தரும், அதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் 2 (பதினேழு வயது மகனின் அப்பா, டூஷேன்)

சார் சொன்னதோடு ஒன்று. நடை நின்ற பிறகு திடீரென்று படிப்பில் மந்தமானால் உடனே ஐக்யூ சோதனைக்கு ஓடாதீர்கள், மூச்சைப் பாருங்கள். எங்கள் பையன் காலையில் தலைவலியோடு எழுந்து வகுப்பில் தூங்கி வழிந்தான். இரவில் மூச்சு போதாமல் கரியமில வாயு சேர்ந்துகொண்டிருந்தது. இரவுக்கு பைபேப் (முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி) போட்ட பிறகு பழையபடி பேசுகிறான், வாதாடுகிறான்.

பள்ளிக்கு: ஒரு நேரத்தில் ஒரே வேலை, பலகையில் எழுதிப்போடுவது, வாயால் பதில் சொல்ல விடுவது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவும் இருக்கிறது, கற்றல் குறைபாடும் தனியாக இருக்கிறது. அவனுக்கு இரண்டும் இருந்தால் சான்றிதழில் இரண்டையும் கேளுங்கள். தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுதுபவர் வைத்துக்கொள்ளலாம், மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்று இருந்தது. சின்ன வகுப்பிலிருந்தே பழக்கினால்தான் பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொண்டே போக வரும்.

பதில் 3 (மயோடோனிக் டிஸ்ட்ரோபி உள்ளவரின் தங்கை)

எங்கள் வீட்டுக் கதை வேறு வகைத் தசைச்சிதைவு நோய், பெரியவர்களுக்காக எழுதுகிறேன். அண்ணனுக்கு மயோடோனிக் டிஸ்ட்ரோபி முதல் வகை. பகலெல்லாம் தூக்கம், எதையும் தானாகத் தொடங்க மாட்டார், முகத் தசை தளர்ந்ததால் சிரித்தாலும் தெரியாது. திமிர் என்றார்கள், மனச்சோர்வு என்றார்கள். திட்டமிடுவதும் முனைப்பும் குறைவது இந்த நோயிலேயே உண்டு, சோகமாக இல்லாமலே அப்படி இருக்க முடியும் என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். இந்த வகையில் சிலருக்கு இந்தச் சிரமம் வருடங்கள் போகப் போக மெதுவாகக் கூடவும் செய்யும் என்பதால் சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். "எப்படி இருக்கீங்க" என்றால் அண்ணன் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார், அதனால் டாக்டரிடம் வீட்டு ஆள் ஒருவர் கூடப் போவது ரொம்ப அவசியம்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி, அழுதுகொண்டேதான் படித்தேன். பகுதிவாரி மதிப்பெண் கேட்டு இன்றே போன் செய்துவிட்டேன். அடுத்த வாரமே வேறு இடத்தில் திரும்ப எடுக்கலாமா?

பதில் 1 (சிறார் உளவியலாளர்)

அதே சோதனையை இவ்வளவு சீக்கிரம் எடுத்தால் கேள்வி ஞாபகத்தில் மார்க் ஏறும், அது உதவாது. ஒரு வருடமாவது போகட்டும். அதுவரை ரேவன், படிக்கும் திறன், கேட்டதை நினைவில் வைப்பது இவற்றை மட்டும் தமிழில் செய்யச் சொல்லுங்கள். மரபணு ரிப்போர்ட்டையும் வகுப்பு நோட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். அவனுக்கு என்ன உதவி தேவை என்று பள்ளிக்கு விளக்கும் ஒரு பக்கக் கடிதம் இப்போதே கேளுங்கள், அதற்குப் புது ஐக்யூ தேவையில்லை.